சாமி படத்தை லேமினேட் செய்யாதீர்கள்

மறுபடியும் ஒரு லட்சுமி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டப்பட்டு, பழைய காகிதப் படங்களைச் சீர்செய்யும் என் மேசைக்கு வந்திருக்கிறாள். ரவிவர்மா அச்சகத்துப் படம். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸ் வீட்டுச் சுவரில் இருந்த படத்தை, நிறவெறி ஆட்சியில் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்டபோது அந்தக் குடும்பத்துப் பாட்டி துணியில் சுற்றி எடுத்து வந்தாராம். அத்தனையும் தாங்கிய படம், கடைக்காரரின் லேமினேஷன் மெஷினிடம் தோற்றுவிட்டது.

"காற்றும் ஈரமும் படாவிட்டால் கெடாதுதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெடும். அந்தக் காலத்து மலிவான காகிதம் மரக்கூழில் செய்தது. அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது. பழுப்பாவதும் நொறுங்குவதும் உள்ளிருந்தே நடக்கிறது. பிளாஸ்டிக்கில் மூடினால் அந்த அமிலத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். மெஷினின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை உருகிக் காகித நாருக்குள் இறங்கிவிடும், படத்தின் மேல் வார்னிஷும் இளகிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் லட்சுமியின் முகமும் அதோடு வரும். பசையைக் கரைக்கும் திரவம் வார்னிஷையும் கரைக்கலாம். என்னால் முடிந்தது கொஞ்சம்தான் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் ஒட்டும் எதையும் நாளைக்கு இன்னொருவர் பிரித்தெடுக்க முடிய வேண்டும். அதனால்தான் கோதுமை மாவுச்சத்துப் பசையும், கோசோ என்ற செடியின் பட்டை நாரில் செய்த ஜப்பானியக் காகிதமும். ஒட்டுக் காகிதத்தைக் கத்தரியால் வெட்டுவதில்லை. ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் நாராக நிற்கும். அந்த நார்தான் கிழிசலைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் மேடு தெரியாது. செல்லோடேப்பா? தயவுசெய்து வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும்.

சட்டத்தின் பின்பலகையையும் பாருங்கள். வெறும் மரப்பலகை என்றால் அதன் வரிகள், கணு உட்பட, படத்தின் முதுகில் பழுப்பாகப் பதிந்திருக்கும். அமிலமில்லாத அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். டர்பன் கோடை ஈரத்தில் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். குங்குமம் கண்ணாடிக்கு மேல் மட்டும். சாமி விளக்கைப் படத்துக்கு நேர் கீழே ஏற்றாமல் ஓரடி முன்னால் தள்ளி வையுங்கள். ஈரத்துணியால் படத்தைத் துடைக்கவே வேண்டாம்.

2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி ஒன்று வந்து, நனைந்த படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். சட்டத்தோடு, கண்ணாடி கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பலகையை மட்டும் கழற்றிக் காற்றாட விடுங்கள். வெயிலில் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொண்டு போய்விடுங்கள்.