வியட்நாமில் பைக் ஓட்டப் போகிறீர்களா? உங்கள் கையில் இருப்பது எந்த ஆண்டின் பர்மிட்?

கடந்த மாதம் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பில் பதினோரு படங்கள் இருந்தன. முதல் படம், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்த ஓர் எக்ஸ்ரே. கடைசிப் படம், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த சர்வதேச ஓட்டுநர் பர்மிட். அனுப்பியவர், வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில் வாடகை பைக் ஓட்டிக் காலை முறித்துக்கொண்ட இளைஞரின் தந்தை. "பையன் எல்லாப் பேப்பரையும் முறையாக எடுத்துக்கொண்டுதான் போனான் மேடம், பணம் எப்போது கிடைக்கும்?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பர்மிட் வியட்நாமில் செல்லாது என்று அவருக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. இந்த ஆண்டில் அதே பதிலை நான் எழுதியது அது எட்டாவது முறை.

வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் வரும் கிளெய்ம்களை ஆராய்வது பதினாறு ஆண்டுகளாக என் தொழில். பேருந்தையும் டூர் வேனையும் விட்டுவிட்டு வாடகை பைக்கில் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. வியட்நாமின் வடகோடியில், டோங் வான் கல் பீடபூமியைச் சுற்றிவரும் ஹா ஜியாங் பாதையின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை ஏன் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. 1959 முதல் 1965 வரை மலைவாழ் இளைஞர்கள் பெரும்பாலும் கையாலேயே பாறையை உடைத்து அமைத்த சாலை அது. மா பி லெங் கணவாயில் நின்றால் பள்ளத்தாக்கின் அடியில் நோ குவே ஆறு பச்சை நாடாவைப்போலத் தெரியும். போக வேண்டிய இடம்தான். யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதில்தான் எனக்குக் கவலை.

எல்லாச் சிக்கலுக்கும் மூலமாக இருக்கும் தவறான எண்ணத்தைப் பொறுமையாகவே சொல்லிவிடுகிறேன். 'சர்வதேச' என்ற சொல் அட்டையில் அச்சாகியிருப்பதாலேயே அந்தப் பர்மிட் உலகம் முழுவதும் செல்லும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி எல்லா நாடுகளுக்கும் பொதுவான பர்மிட் ஒன்று கிடையாது. சாலைப் போக்குவரத்து குறித்து நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் இன்று முக்கியமானவை இரண்டு. ஒன்று 1949இல் ஜெனீவாவிலும் மற்றொன்று 1968இல் வியன்னாவிலும் கையெழுத்தானது. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி, ஓராண்டுக்கு நாம் வாங்கும் பர்மிட் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தரப்படும் பர்மிட்டை மட்டும்தான். ஆகவே இந்தியாவில் பெற்ற பர்மிட்டுடன் அங்கே 110 அல்லது 125 சிசி வண்டியை ஓட்டுபவர், சட்டத்தின் பார்வையில் உரிமமே இல்லாமல் ஓட்டுபவர். அமெரிக்காவில் பெற்ற பர்மிட்டுக்கும் இதே கதிதான் என்பதால், இது இந்தியர்களுக்கு மட்டும் இழைக்கப்படும் அநீதி என்று யாரும் என்னிடம் வாதாட வேண்டாம்.

"தாய்லாந்தில் ஓட்டினேனே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்பது அடுத்து வரும் வாதம். தாய்லாந்து 1949ஆம் ஆண்டு பர்மிட்டை ஏற்கும் நாடு, வியட்நாம் அப்படியல்ல. ஃபூகெட்டில் செல்லுபடியானது டா நாங்கில் செல்லுபடியாக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. "வாடகைக் கடைக்காரர் பாஸ்போர்ட்டைத் தவிர எதையும் கேட்கவில்லை" என்பார்கள். கேட்காமல் விட்டது அவருடைய வியாபாரம். உங்கள் கால் முறிந்தால் அவர் பொறுப்பேற்கப் போவதில்லை. எனக்கு மிகுந்த ஆற்றாமையைத் தருவது மூன்றாவது வாதம்: "வழியில் போலீஸ் நிறுத்தி அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், அதற்குப் பிறகும் ஓட்ட விட்டார்களே." அந்த அபராதம் உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கான தண்டனை; மீதி வழிக்கான அனுமதிச் சீட்டு அல்ல. அந்த ரசீதையும் கிளெய்மோடு சேர்த்து அனுப்பிவைக்கிறார்கள். கோரிக்கையை நிராகரிக்க அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படுவதில்லை.

பயணக் காப்பீட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவற்றில், எந்த நாட்டில் வாகனம் ஓட்டுகிறீர்களோ அந்த நாட்டின் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. சிலவற்றில் இருசக்கர வாகனம் ஓட்டுவதால் வரும் காயமே முழுதாக விலக்கப்பட்டிருக்கும். பாலிசி வாங்கும்போது எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்ற பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். விலக்குகள் அச்சாகியிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு முன்கூட்டியே என்னிடம் சந்தேகம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் மோதி இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் கடினம். விசாரணை முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேற முடியாமலும் போகலாம்.

பர்மிட் செல்லுபடியாகும் நாடுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்களின் பர்மிட்டில் காருக்கான பிரிவில் மட்டுமே முத்திரை இருக்கும். இருசக்கர வாகனத்துக்கான 'ஏ' பிரிவு வெறுமையாக இருக்கும். பர்மிட்டை வாங்கியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இனி சாலையைப் பற்றி. வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் செல்கின்றன. நேரான சாலையில் இதற்கு எவரும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். காலையில் தூக்கக் கலக்கத்தோடு விடுதி வாசலில் இருந்து வெளியே திரும்பும்போதும், ஆளில்லாத மலைவளைவில் எதிரே திடீரென்று ஒரு லாரி வரும்போதும் கை பழைய பழக்கப்படி இடப்பக்கமே ஒடிக்கும். என்னிடம் வந்த விபத்து விவரங்களில் இந்த இரண்டு தருணங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. கியர் இல்லாத ஸ்கூட்டரில் நீண்ட இறக்கம் இறங்கும்போது முழுச் சுமையும் பிரேக்கின்மீதே விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஹா ஜியாங்கில் இருந்து ஹனோய் சுமார் 300 கிலோமீட்டர் தூரம். பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், முறிந்த எலும்போடு அந்தத் தூரத்தை ஆம்புலன்ஸில் கடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனம் வருந்தித்தான் சொல்கிறேன். உரிமம் செல்லாது என்று தெரிந்ததும் சிலர் கதையை மாற்றிவிடுகிறார்கள். விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஒரு கிளெய்ம் வந்தது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, தோள்முதல் முழங்கைவரை தோல் உரிந்திருந்ததாகவும் காயத்தில் இருந்து சரளைக்கல் துணுக்குகளை எடுத்ததாகவும் எழுதியிருந்தது. குளியலறைத் தரையில் சரளைக்கல் இருக்காது. உண்மையைச் சொல்லியிருந்தால் விபத்தோடு தொடர்பில்லாத மற்றப் பலன்களையாவது பரிசீலித்திருக்கலாம். பொய் சொன்னதால் பாலிசி முழுவதுமே கைவிட்டுப் போயிற்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பைக்கில்தான் போக வேண்டுமென்றால் பின்னால் உட்கார்ந்து போங்கள். ஹா ஜியாங்கில் உள்ளூர்க்காரர் ஓட்ட, பயணி பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் ஏற்பாட்டை 'ஈஸி ரைடர்' என்கிறார்கள். செலவு சற்றுக் கூடும். ஆனால் வளைவுகளை அறிந்தவர் சாலையைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். ஓட்டுபவரின் உரிமத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாடையில் பட்டை இறுகப் பூட்டும் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள். தொப்பிபோல மெலிதான ஒன்றைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானமாக விடாதீர்கள். பின்னிருக்கைப் பயணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தாகவே வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

பைக் இல்லாமலும் அந்த நாட்டை நிதானமாகப் பார்க்கலாம். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் ரயில்பாதை 1936இல் கட்டி முடிக்கப்பட்டது. நாடு பிளவுபட்டபோது துண்டாகி, 1976இன் இறுதியில் மீண்டும் இணைந்தது. முழுத் தூரமும் போக நேரமில்லாதவர்கள் ஹுவேயில் இருந்து டா நாங் வரையான பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். நம்மவர்கள் வாடகை பைக்கில் ஏற ஆசைப்படும் அதே ஹாய் வான் மலையின் கடலோர விளிம்பில், சுரங்கங்களுக்குள் புகுந்து வெளிவந்து அந்த ரயில் ஊர்ந்து போகும்; மொத்தப் பயணம் சுமார் மூன்று மணி நேரம். டா நாங் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னலோர இருக்கையைக் கேளுங்கள். கடல் அந்தப் பக்கம்தான். டா நாங்குக்கு அருகே உள்ள ஹோய் ஆன் நகரைச் சுற்றிய வயல்வெளிகளுக்குச் சைக்கிளே போதும்.

அந்தத் தந்தைக்கு நான் எழுதிய கடிதம் இரண்டு பக்கம் வந்தது. உடன்படிக்கைகளின் ஆண்டுகளையும் பாலிசியின் நிபந்தனை எண்ணையும் குறிப்பிட்டு, மேல்முறையீட்டுக்கு எங்கே எழுத வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தேன். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. மகனின் நண்பர்கள் மூவர் அடுத்த மாதம் அதே பாதைக்குப் போவதாகவும், அந்தக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டார். தாராளமாக அனுப்புங்கள் என்றேன்.