பழனியிலிருந்து வாழைக்கன்று வாங்கி வராதீர்கள்

கடலூர் கேப்பர் மலையில், ராமாபுரம் பக்கம் ஒரு ஏலக்கி வாழைத் தோட்டம். மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. தோட்டக்காரர் தைப்பூசத்துக்குப் பழனி போனவர், வரும் வழியில் மலைவாழைக் கன்று நான்கை வாங்கி, பம்புசெட் ஓரமாக நட்டிருந்தார். நான் போனபோது எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இது மட்டும் குட்டையாவே நிக்குது சார். யூரியா கூட்டி வச்சும் ஏறல."

இலைகள் விரியாமல், குறுகி, உச்சியில் கொண்டை போட்டதுபோல் நெருங்கி நின்றன. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தேன். கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாக ஓடியிருந்தது. முடிக்கொத்து நோய். அருகில் ஏழு ஏலக்கி மரங்களிலும் அதே கோடுகள்.

இது வைரஸ் நோய், மருந்து கிடையாது. நோய் வந்த கன்று குலை தள்ளுவது அபூர்வம். அந்தக் கிழங்கிலிருந்து வரும் பக்கக்கன்றுகளையும் நம்ப முடியாது. தூரத்து ஊருக்கு இது கன்றோடு போகிறது. தோட்டத்துக்குள் வாழை அசுவினி பரப்புகிறது. இலையுறைக்குள்ளும் அடித்தண்டிலும் ஒளிந்திருக்கும் கரும்பழுப்புப் பூச்சி அது. மரத்தில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் அங்கே தேடுங்கள்.

மலைவாழையையே இந்த நோய்தான் ஒடுக்கியது. 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த பயிர், பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. விருப்பாச்சி, சிறுமலை என்ற இரண்டு ரகமும் திண்டுக்கல் மாவட்டத்து மலைகளுக்கே உரியவை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அங்கே காப்பித் தோட்டத்தில் நிழல் மரமாக, மழையை நம்பி, பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கும். ஈரம் குறைந்த பழம் என்பதால்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அது பொருந்துகிறது. அந்தக் குளிரும் உயரமும் இல்லாத இடத்தில் நட்டால் மரம் வரும், அந்த ருசி வராது. தோட்டக்காரரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் விருப்பாச்சி என்றால் உயிர், என்ன செய்ய.

அவர் செய்த இன்னொரு தவறு, நான் வருவதற்குள் ஒரு மரத்தை வெட்டி வரப்பில் எறிந்தது. மரம் வாட ஆரம்பித்ததும் அதிலிருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்குக் கிளம்பிவிடும். முதலில் பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும். அது செத்த பிறகுதான் மரத்தைக் கிழங்கோடு தோண்டி, துண்டாக்கி அழிக்க வேண்டும். கிழங்குத் துண்டு மண்ணில் தங்கினால் அது மறுபடி முளைக்கும், நோயோடு.

திசு வளர்ப்புக் கன்றுதானே என்றும் அசந்துவிடக் கூடாது. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் குப்பியில் வளர்ந்த கன்றிலும் இருக்கலாம். வைரஸ் சோதனை செய்த சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கன்று எடுப்பதானாலும் முதலில் தாய்மரத்தின் இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள்.

மலைப்பழ ஆசையா? பழச் சீப்பாக வாங்கி வாருங்கள்.