எண்ணெய் கலக்காது, விசை மட்டும் கடக்கும்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. வேலூர்ப் பட்டறைகளில் சந்தனமும் பொரியுமாக இருந்த அந்த மாலையில், திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். காட்பாடியில் பொக்லைன் பழுதுபார்க்கும் நண்பர் மறுநாள் கேட்டார்: "ஹோஸ் வெடித்தால் என் வண்டி பக்கெட்டைத் தூக்காது, அன்றைக்கு வேலை அவ்வளவுதான். நடுவானில் அவர்கள் என்ன செய்வார்கள் சார்?"

பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான்: அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும். பொக்லைனின் கையை அசைக்கும் அதே திரவ அழுத்தம்தான் விமானத்தின் சக்கரங்களையும் பிரேக்கையும் இறக்கையின் அசையும் பகுதிகளையும் இயக்குகிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு.

திருச்சி விமானம் போயிங் 737. அதில் தனித்தனித் திரவம் கொண்ட இரண்டு முதன்மை ஹைட்ராலிக் அமைப்புகளும் ஓர் உதவி அமைப்பும் உண்டு. முதன்மை இரண்டும் போனால்கூட, கம்பி வடங்கள் வழியே விமானி தன் கைபலத்தாலேயே விமானத்தைத் திருப்பலாம். கை வலிக்கும், ஆனால் திரும்பும். சக்கரத்தை இறக்க, விமானி அறையின் தரையில் உள்ள கைப்பிடிகளை இழுத்தால் போதும். பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து நிற்கும். வட்டமடித்ததும் வழி தெரியாமல் அல்ல. வளைகுடா வரை போக நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம். அதை வானில் கொட்டிவிடும் ஏற்பாடு 737-இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

நான் சொல்ல ஆசைப்படுவது ஏர்பஸ் ஏ320-இல் உள்ள ஒரு சிறு கருவியைப் பற்றி. சென்னையில் விமானம் ஏறியவர்களில் பலர் அதன் குரலைக் கேட்டிருப்பார்கள். விமானம் கிளம்பும் முன், இறக்கைக்குப் பக்கத்து இருக்கைகளின் அடியில் நாய் குரைப்பதுபோல, மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். பயப்பட ஒன்றுமில்லை.

ஏ320-இல் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று அமைப்புகள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே அந்தக் கருவி இருக்கிறது: ஓர் அச்சு, அதன் இரு முனையிலும் மோட்டாராகவும் பம்பாகவும் மாறக்கூடிய இயந்திரங்கள். பச்சையின் பம்ப் நின்று, இரண்டின் அழுத்தத்துக்கும் 500 பவுண்டு வித்தியாசம் வந்துவிட்டால், மஞ்சள் திரவம் தன் பக்கத்து முனையைச் சுழற்றும். அச்சு சுழல, மறுமுனை பச்சையின் சொந்தத் திரவத்தையே அழுத்தும். அழுத்தம் ஏறியதும் நிற்கும், இறங்கியதும் மறுபடி சுழலும். அதுதான் அந்தக் குரைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் தன் எண்ணெயில் ஒரு சொட்டும் தராமல், நம் செக்கைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவதுபோல.

ஒரு சொட்டும் ஏன் கலக்கக் கூடாது? கலந்தால் ஓர் ஓட்டை இரண்டையும் காலிசெய்துவிடும். இதனால்தான் விமானி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போனது பம்பா, திரவமா என்பதை. திரவமே ஒழுகிவிட்டதென்றால் இந்தக் கருவியை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அழுத்த ஒன்றுமில்லாமல் வீணாகச் சுழன்று, நன்றாக இருக்கும் மஞ்சளையும் சூடேற்றிக் கெடுக்கும்.

திரவத்தைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது என்பதை 1989 ஜூலை 19 காட்டியது. அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு உடைந்து, சிதறிய துண்டுகள் அதன் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்க வைத்தன. மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அதைச் சூ சிட்டிவரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

திருச்சி விமானம் பத்திரமாக இறங்கியபோது அதிசயம் என்றார்கள் பலர். பூஜையன்று என் ஸ்கூட்டருக்கும் நான் சந்தனம் வைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இது அதிசயம் இல்லை. "இது பழுதானால்?" என்று வரைபலகையின் முன் உட்கார்ந்து மறுபடி மறுபடி கேட்டவர்களின் உழைப்பு. அதை எலுமிச்சம்பழத்தின் கணக்கில் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நண்பர் பழைய ஹோஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சையும் இரு முனைகளையும் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அதன் நடுவில், அச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் இடத்தில், கிரீஸ் படிந்த விரலை வைத்தார்.

"இங்கே இருக்கிற சீலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் சார்?"