பாராலிம்பிக்: அந்த ‘பாரா’ எங்கிருந்து வந்தது?

2016 செப்டம்பரில், ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய சமயம். திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மூன்று நாளிதழ்கள் கிடந்தன. ஒன்றில் ‘பாரா ஒலிம்பிக்’, இன்னொன்றில் ‘பாராலிம்பிக்’, மூன்றாவதில் ‘ஊனமுற்றோர் ஒலிம்பிக்’. டீ மாஸ்டர் என்னைப் பார்த்து, “சார், நீங்க பத்திரிகையிலதானே இருக்கீங்க, பாரான்னா என்ன?” என்று கேட்டார். மாற்றுத்திறனாளி என்று அர்த்தம் என யோசிக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அது தப்பு. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘பாரா’ கிரேக்க மொழியின் முன்னொட்டு. பக்கத்தில், அருகே, கூடவே என்று பொருள். நமக்கு இது புதிய சொல்லும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் தினமும் “ரெண்டு பாரா எழுதிக் குடு” என்கிறோமே, அந்தப் பாராவும் இதே பாராதான். பழைய கிரேக்கச் சுவடிகளில் எங்கே ஒரு பகுதி முடிகிறது என்று காட்ட வரியின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள்; பக்கத்தில் எழுதியது என்பதால் அதற்குப் பாராகிராஃப் என்று பெயர், நாளாக ஆக அந்தப் பெயர் பத்திக்கே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இணைகோடு என்று படித்தது ஆங்கிலத்தில் பேரலல், அதிலும் இதே பாராதான், ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று. ஆனால் பாராசூட்டில் இருக்கும் பாரா வேறு, அது தடுத்துக் காப்பதைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ‘பாரா’ போடுகிறார்களே, அது வடக்கிலிருந்து வந்த காவல் சொல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இந்தப் பாரா ஒலிம்பிக்கோடு எப்படிச் சேர்ந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு இரண்டு பிறப்புக் கதைகள் இருக்கின்றன, இரண்டுமே உண்மை.

லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர், நரம்பியல் நிபுணர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. அந்தக் காலத்தில் தண்டுவடம் போனால் முடிந்தது கதை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து சீக்கிரமே ஆளைக் கொண்டுபோய்விடும். குட்மன் அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார், எழுப்பி உட்கார வைத்தார், பந்தைக் கையில் கொடுத்தார், வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 1952-இல் நெதர்லாந்திலிருந்து முன்னாள் போர்வீரர்கள் வந்து கலந்துகொள்ள, அது சர்வதேசப் போட்டியானது. 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் போட்டியிட்டார்கள். இன்று அதைத்தான் முதல் பாராலிம்பிக் என்று கணக்கு வைக்கிறோம்.

இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விடுவதற்கு மருத்துவத்தில் பாராபிளீஜியா என்று பெயர். அந்தச் சொல்லின் தலையையும் ஒலிம்பிக்கின் வாலையும் ஒட்டி 1950-களிலேயே ஆங்கிலத்தில் ‘பாராலிம்பிக்’ என்று விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அது பொருத்தமான பெயர்தான், வந்தவர்கள் எல்லோருமே தண்டுவடம் அடிபட்டவர்கள். 1976-இல் டொரொன்டோவில் கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் சேர்ந்தார்கள். 1980-இல் நெதர்லாந்தின் ஆர்னெமில் பெருமூளை வாதம் உள்ளவர்களும் வந்தார்கள். கண் தெரியாத நீச்சல் வீரரைப் போய் பாராபிளீஜியாவின் பெயரால் எப்படி அழைப்பது? பெயரை மாற்றவில்லை, பொருளை மாற்றிக்கொண்டார்கள். 1989-இல் சர்வதேச பாராலிம்பிக் குழு அமைந்தது. ‘பாரா’ என்பதற்கு இன்று அதிகாரபூர்வமான பொருள், ஒலிம்பிக்கின் பக்கத்தில், அதற்கு இணையாக நடக்கும் போட்டி என்பதுதான். 1988 சியோலிலிருந்து ஒலிம்பிக் முடிந்ததும் அதே ஊரில், அதே மைதானங்களில் நடப்பதால் அந்தப் பொருள் நிஜமாகவும் ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பாராபிளீஜியாவில் இருப்பதும் இதே கிரேக்கப் பாராதான் என்பது. சொல் அதேதான், ஆனால் முன்னே உடம்பில் எங்கே அடிபட்டது என்று சொன்னது, பின்னே போட்டி எங்கே நிற்கிறது என்று சொன்னது. நம் தமிழ்ச் செய்திகள் இன்னும் அந்த முதல் பொருளிலேயே, அதாவது உடம்பிலேயே, நிற்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

அதற்குப் போகும் முன் எழுத்து வழக்கை முடித்துவிடலாம். மூலச் சொல்லில் ‘ஒ’ கிடையாது, ‘லிம்பிக்’தான் இருக்கிறது. ஆகவே ‘பாரா ஒலிம்பிக்’ என்று பிரித்து எழுதுவது மூலத்தில் இல்லாத எழுத்தைத் திரும்பக் கொண்டுவருவது. தமிழ்ப் புணர்ச்சிப்படிதான் எழுதுவேன் என்றால் ‘பாராவொலிம்பிக்’ என்று வர வேண்டும், அதை யாரும் எழுதுவதில்லை. இலங்கைத் தமிழில் ‘பராலிம்பிக்’ என்று குறிலோடும் எழுதுகிறார்கள், அது அவர்கள் வழக்கு. நான் ‘பாராலிம்பிக்’ என்றே எழுதுகிறேன், பேச்சிலும் அப்படித்தான் வருகிறது.

அப்புறம் ஒரு குழப்பம். செய்தியறைகளில் மூன்று வெவ்வேறு போட்டிகளை ஒரே பெயருக்குள் போட்டுவிடுகிறார்கள். காது கேளாதவர்களுக்கான டெஃப்லிம்பிக்ஸ் தனிப் போட்டி, 1924-இல் பாரிஸில் தொடங்கியது, அதாவது பாராலிம்பிக்கைவிட மூத்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968-இல் சிகாகோவில் தொடங்கியது, அதுவும் வேறு அமைப்பு. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கியது டெஃப்லிம்பிக்ஸில். அவரைப் பாராலிம்பிக் வீராங்கனை என்று எழுதினால் அவர் ஆடாத போட்டியை அவர் பெயரில் எழுதுகிறோம்.

இனி தமிழ்ச் சொல். ‘ஊனமுற்றோர் ஒலிம்பிக்’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். ஊனம் என்பது வடமொழியின் ‘ஊன’ என்பதிலிருந்து வந்தது, குறைந்தது என்று பொருள். ஆளையே குறைவு என்று அழைப்பதை விட்டுவிட்டுத்தான் 2010-இல் தமிழ்நாடு அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்கு வந்தது, துறைக்கும் அந்தப் பெயரே வைக்கப்பட்டது. அந்தச் சொல் இவ்வளவு வேகமாக மக்கள் வாயில் ஏறியது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். பஸ்ஸில் இருக்கைக்கு மேலே எழுதியிருக்கிறது, ரேஷன் கடையில் பாட்டி சொல்கிறார். மாற்றுத்திறன் என்றால் என்ன, எல்லோரும் மாற்றுத்திறன் உள்ளவர்கள்தானே என்று அந்தச் சொல்லையும் கேள்வி கேட்பவர்கள் உண்டு, அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தலைமுறை அவமானச் சொற்களிலிருந்து வெளியே வர அது கைகொடுத்தது. அதனால் மனிதரைக் குறிக்க மாற்றுத்திறனாளி இருக்கட்டும். போட்டியின் பெயராக ‘மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்’ மட்டும் வேண்டாம். அது பாராவின் மொழிபெயர்ப்பு இல்லை. ஆட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மறுபடியும் ஆடுகிறவரின் உடம்பைச் சொல்கிறது.

‘துணை ஒலிம்பிக்’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். துணை என்றால் நல்ல சொல்தான், ஆனால் இன்றைய வழக்கில் துணைத் தலைவர், துணை ஆட்சியர் என்று ஒரு படி கீழே என்ற வாசனை வந்துவிடுகிறது. ‘இணை ஒலிம்பிக்’ என்பதுதான் பாராவின் இன்றைய பொருளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. இணைகோட்டில் இரண்டு கோடும் சமம், எது பெரியது எது சின்னது என்று இல்லை. இணை ஆணையர் என்று வரும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது, இருந்தாலும் ‘இணையில்லாத’ என்று சொல்லும்போது நாம் நினைப்பது சமத்தைத்தான். ஒரே ஒரு தொந்தரவு, அவசரத்தில் படிப்பவர்கள் ‘இணைய ஒலிம்பிக்’ என்று படித்து ஏதோ ஆன்லைன் போட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். என் யோசனை இதுதான்: ஒலிம்பிக்கைத் தமிழாக்காமல் பெயராகவே வைத்திருக்கிறோம் அல்லவா, அதுபோலப் போட்டியின் பெயர் பாராலிம்பிக் என்றே இருக்கட்டும். அதற்குப் பொருள் சொல்லும் இடத்தில், ஒரு முறையாவது, ‘இணை ஒலிம்பிக்’ என்று எழுதுங்கள். ஆட்டங்களுக்கு இணை என்பது அழகாகவே உட்காருகிறது: இணைத் தடகளம், இணை இறகுப்பந்து.

இப்போது வருத்தத்துக்கு வருகிறேன். பக்கத்தில் என்று பொருள்படும் சொல்லை வைத்துக்கொண்டு, செய்தியைப் பக்கத்தில் போடுவதில்லை. விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் இருக்கும், பாராலிம்பிக் பதக்கம் தன்னம்பிக்கைக் கட்டுரையாக இணைப்பிதழுக்குப் போய்விடும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கம் வாங்கியது, அதில் 7 தங்கம். அதற்குச் சில வாரங்கள் முன்னால் அதே ஊரில் நடந்த ஒலிம்பிக்கில் வாங்கியது 6. எதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம் என்று நம் பழைய பேப்பர்களை எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

அந்தப் போட்டியில் பெண்கள் பேட்மின்டன் எஸ்யூ5 பிரிவின் அரையிறுதியில் மோதிய இருவருமே தமிழ்நாட்டுப் பெண்கள், காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனும் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸும். பாராலிம்பிக் அரையிறுதியில் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் எதிரெதிரே! துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம், எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சுமதி சிவனுக்கும் வெண்கலம். நான் படித்த செய்திகளில் கையில் என்ன பாதிப்பு, அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று நிறைய இருந்தது. யார் வலையருகே ஏறி ஆடினார், எந்தப் புள்ளியில் ஆட்டம் திரும்பியது என்று தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. எஸ்யூ5 என்றால் என்ன என்று ஒரு வரி கூட இல்லை. கையில் பாதிப்போடு நின்று ஆடுகிறவர்களின் பிரிவு, அவ்வளவுதான், ஒரு வரி போதும். எஸ்எச்6 குறைந்த உயரம் உள்ளவர்களின் பிரிவு. தடகளத்தில் ‘டி’ என்றால் ஓட்டமும் தாண்டுதலும், ‘எஃப்’ என்றால் எறிதல், பின்னால் வரும் எண் பாதிப்பின் வகை. இது தெரியாமல் ஒரே ஆட்டத்தில் எப்படி இத்தனை தங்கம் என்று வாசகர் குழம்புவதில் தப்பே இல்லை.

சொற்களையும் பார்க்க வேண்டும். ‘சக்கர நாற்காலியில் முடங்கிய’ என்று எழுதுகிறோம். சக்கர நாற்காலி முடங்குவதற்கா இருக்கிறது? அதில்தான் அவர் நகர்கிறார், வேலைக்குப் போகிறார், கூடைப்பந்து ஆடுகிறார். ‘ஊனத்தை வென்ற’ என்று எழுதுகிறோம், அவர் வென்றது எதிரே ஆடியவரை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றி வழிகாட்டுதல் தந்து, இழிவான சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. அது திரைக்கு, பேப்பருக்கும் பொருந்தும். தூக்கி வைப்பதிலும் இதே கோளாறுதான். ரியோவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் 1500 மீட்டர் ஓட்டத்தில் அல்ஜீரியாவின் அப்தெல்லதீஃப் பாக்கா 3 நிமிடம் 48.29 விநாடியில் ஓடினார், அதே ஊரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவரின் நேரம் 3 நிமிடம் 50.00 விநாடி. உடனே ‘ஒலிம்பிக் சாம்பியனையே மிஞ்சினார்’ என்று உலகம் முழுக்கத் தலைப்பு. அந்த ஒலிம்பிக் இறுதி ஓட்டம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடிக் கடைசிச் சுற்றில் முடிவான ஓட்டம். அதைச் சொல்லாமல் ஒப்பிட்டால் பாக்காவின் ஓட்டத்தையும் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

தமிழில் இன்னொரு ‘பாரா’ உண்டு, பாராமுகம் என்பதில் வருவது. பார்க்காத முகம். கிரேக்கச் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனாலும் சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் என்று தொடர்ந்து மூன்று முறை பதக்கம் வாங்கியவர். அவர் காலில் எப்படி அடிபட்டது என்று கேட்டால் எத்தனையோ பேர் சொல்வார்கள், இந்த மூன்று உயரத்தையும் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. அப்போதெல்லாம் எனக்கு அந்தப் பாராமுகம்தான் ஞாபகம் வருகிறது.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே ஒருநாள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடும் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தை வைத்து 1.0 முதல் 4.5 வரை ஒரு புள்ளி கொடுப்பார்கள், சர்வதேச ஆட்டங்களில் களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே யாரை எப்போது இறக்குவது என்பதே ஒரு பெரிய கணக்கு. உங்களைப் பற்றி எழுதினால் எப்படிக் குறிப்பிடட்டும், மாற்றுத்திறனாளி வீரர் என்றா, பாரா வீரர் என்றா என்று கேட்டேன்.

“ரெண்டும் வேணாம்ணே. டூ பாயின்டர்னு போடுங்க, ஆட்டம் தெரிஞ்சவனுக்குப் புரியும். தெரியாதவனுக்கு அடுத்த வரியில நீங்க சொல்லிக் குடுங்க.”