லாரிப் பட்டை கத்தியாகும், கட்டுமானக் கம்பி ஏன் ஆகாது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைப்பது எப்படி என்று காட்டும் வீடியோக்களில் குழி தோண்டி, கரி போட்டு, பழைய இரும்பைக் காய்ச்சிக் கத்தி அடிக்கிறார்கள். நானும் கட்டுமானக் கம்பியில் அடித்தேன். பார்க்கக் கத்தி மாதிரியே வந்தது. ஆனால் கிளையை இரண்டு வெட்டு வெட்டியதும் வாய் மடங்கிவிட்டது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியும் பலனில்லை. எங்கே தப்பு செய்தேன்?"

தப்பு கையில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

உலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஒரு குழி, பக்கவாட்டில் நுழையும் இரும்புக் குழாய், அதன் மறுமுனையில் துருத்தியோ கைப்பம்போ, உள்ளே மரக்கரி. காற்று ஊத ஊதக் கரி எரியும் வேகம் கூடும். 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. இரும்பைக் குழாய் வாய்க்கு நேரே வைக்கக் கூடாது. அங்கே ஆக்சிஜன் தீராமல் இருக்கும், இரும்பே எரிந்து செதில் செதிலாக உதிரும். சற்று மேலே, கரிக்கு நடுவில் வைக்க வேண்டும். காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு ஒரு தண்டவாளத் துண்டோ, மரக்கட்டையில் பதித்த சம்மட்டித் தலையோ போதும். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் உலைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல். வேலை திறந்த வெளியில்தான், கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இரும்பு காய்ந்து இளகிவிடும், அடித்தால் வடிவமும் வந்துவிடும். கூர் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது கார்பன். சாதாரணக் கட்டுமானக் கம்பியில் அது சுமார் 0.2 சதவீதம்தான் இருக்கும். லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6. தேய்ந்துபோன பழைய அரத்தில் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ. கிடைத்த துண்டு எந்த வகை என்று தெரியாவிட்டால், அதன் நுனியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, நல்ல அரத்தால் ராவிப் பாருங்கள். அரம் கடித்தால் கத்திக்கு ஆகாது. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் ஆகும்.

ஏன் வழுக்குகிறது? பள்ளியில் படித்த பொருள்மையக் கனசதுரம் (மூலைகளிலும் நடுவிலும் அணு), முகப்புமையக் கனசதுரம் (மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு) நினைவிருக்கிறதா? மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் படங்கள் இரண்டும் இங்கேதான் உயிர்பெறுகின்றன. குளிர்ந்த இரும்பில் அணுக்கள் முதல் வகையில் அடுக்கியிருக்கும். நன்றாகக் காய்ந்த இரும்பில் இரண்டாவது வகை. இரண்டாவதுதான் நெருக்கமான அடுக்கு. அப்படியென்றால் கார்பன் நுழைய இடம் குறைய வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. பெட்டியில் துணிகளைத் திணித்தால் இண்டு இடுக்கெல்லாம் வீணாகும். ஒழுங்காக மடித்து அடுக்கினால் மிச்ச இடம் ஒரே மூலையில் சேரும், அங்கே ஒரு செருப்பையே வைக்கலாம். முகப்புமைய அடுக்கில் இடைவெளிகளின் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. அதனால் 727 டிகிரியில் இந்த அடுக்கு சுமார் 0.8 சதவீதக் கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் பழைய அடுக்கு ஏற்பது 0.02 சதவீதம்தான்.

இப்போது பழுத்த எஃகை மெதுவாக ஆறவிட்டால், அடுக்கு மாற மாறக் கார்பன் அணுக்கள் சாவகாசமாக நகர்ந்து வெளியேறி, இரும்புக் கார்பைடுத் தகடுகளாகத் தனியே ஒதுங்கிவிடும். அது மென்மையான எஃகு. சட்டென்று முக்கினால் நகர நேரமில்லை. அறை சுருங்குகிறது, ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்கிறார். கனசதுரம் ஒரு பக்கமாக நீண்டு கோணிப்போகிறது. மார்ட்டென்சைட் என்று இதற்குப் பெயர், ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது. எந்த அணுவும் தன் பக்கத்து அணுவை விட்டு விலகிப் போவதில்லை. அணிவகுப்பு முழுவதும் ஒரே சாய்வாகச் சாய்கிறது, அதுவும் எஃகில் ஒலி செல்லும் வேகத்தை நெருங்கும் வேகத்தில். உலோகம் வளைவது அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான். கோணிப்போன அறைகளில் வரிசை எப்படி வழுக்கும்? கட்டுமானக் கம்பியில் மாட்டிக்கொள்ளப் போதிய கார்பனே இல்லை, அவ்வளவுதான் கதை.

எப்போது முக்க வேண்டும் என்பதற்கு ஒரு காந்தம் போதும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியதைக் கம்பியில் தொங்கவிட்டுத் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சினால் சரியான பதம். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. இருட்டிய பிறகு உலை மூட்டுங்கள். காயும் எஃகின் உடலில் ஒரு நிழல் ஊர்ந்து போவது தெரியும். அணுக்கள் அடுக்கு மாறுவதற்கு வெப்பத்தை விழுங்குகின்றன, அந்த இடம் மட்டும் சற்று மங்குகிறது. வெளியே எடுத்து ஆறவிட்டால் தலைகீழ்: மங்கிக்கொண்டே வரும் எஃகு, யாரும் ஊதாமலே ஒரு கணம் தானாகப் பிரகாசிக்கும். படிக அமைப்பு மாறுவதை வெறும் கண்ணால் பார்க்கிறோம்! பொருளறிவியலுக்கு நிதி கேட்டால் நானோ, குவாண்டம் என்ற சொற்கள் இருக்கிறதா என்று தேடுகிறவர்களை ஒருமுறை இந்த உலை முன்னால் உட்காரவைக்க வேண்டும்.

எதில் முக்குவது என்பதில் மூடநம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற ஐரோப்பியத் துறவி, செம்பட்டைத் தலைச் சிறுவனின் சிறுநீரில் தோய்த்தால் கருவி நன்றாக உறுதிப்படும் என்று எழுதிவைத்தார். முடி நிறத்துக்கு வேலை இல்லை, உப்புக்கு உண்டு. பழுத்த இரும்பு வெறும் தண்ணீரில் இறங்கியதும் தன்னைச் சுற்றி நீராவிப் போர்வை போர்த்திக்கொள்ளும், வெப்பம் சீக்கிரம் வெளியேறாது. உப்பு கரைந்திருந்தால் போர்வை கிழியும். ஆனால் லாரிப் பட்டைக்கு அவ்வளவு வேகம் ஆகாது, விரிசல் விடும். அதற்கு எண்ணெய்தான். அதையும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நீர்த்த எண்ணெய் வேகமாகப் புரண்டு, குளிர்ந்த எண்ணெயைவிடச் சீக்கிரம் ஆற்றும்.

முக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். பழைய அரத்தில் அடித்த என் முதல் கத்தி கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது, மூன்று துண்டு. தோய்ச்சல் போட்ட, அதாவது இப்படி முக்கி எடுத்த எஃகு அத்தனை நொறுங்கும். கருத்த மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 250 வாக்கில் பழுப்பு, அப்புறம் ஊதா, 300 அளவில் நீலம். தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் காட்டும் அதே வர்ணஜாலம்தான். இங்கே படலம் இரும்பு ஆக்சைடு. நிறம் முதுகிலிருந்து வாயை நோக்கி நகர்ந்து வரும்போது, உள்ளே சிறைப்பட்ட கார்பனில் கொஞ்சம் விடுதலையாகிறது. கடினம் சற்றுக் குறைந்து, நொறுங்காத உறுதி கூடுகிறது. வெட்டுக்கத்தி என்றால் வாயில் பழுப்பு எட்டியதும் தண்ணீரில் போட்டு நிறுத்துங்கள்.

அந்தக் கட்டுமானக் கம்பியை வீசிவிட வேண்டாம். குறடு செய்ய அதைவிட நல்ல இரும்பு கிடைக்காது. உலைக்கும் தண்ணீருக்குமாக நாள் முழுக்க அலையும் கருவி அது, எத்தனை முறை முக்கினாலும் நொறுங்கக் கூடாது.