போசிமேனியின் நீலம் எங்கே இருக்கிறது?

வண்ண மீன் கடையில் போசிமேனி ரெயின்போ குஞ்சுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாம்பலும் வெள்ளியும் கலந்த, சாதாரணக் கெண்டைக் குஞ்சு போன்ற தோற்றம். அதே மீன் ஓராண்டு நன்றாக வளர்ந்தபின், தலைப்பக்கம் ஆழ்ந்த நீலமும் வால்பக்கம் கனிந்த ஆரஞ்சுமாக நிற்கும். இந்த இரண்டு நிறங்களும் உருவாகும் விதம் முற்றிலும் வேறு. அது புரிந்தால் வளர்க்கும் முறையில் பாதி புரிந்துவிடும்.

ஆரஞ்சு, உணவிலிருந்து வருகிறது. கரோட்டினாய்டு என்னும் நிறமிகளை மீனால் தானாகத் தயாரிக்க முடியாது. பாசியையும் அதைத் தின்ற சிற்றுயிர்களையும் உண்டு, தோலிலுள்ள நிறமிச் செல்களில் சேர்த்துக்கொள்கிறது. எனவே மலிவான குருணைத் தீனியை மட்டும் போட்டால் ஆரஞ்சு வெளிறும். ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியும் இறாலும் சேர்ந்த தீனி, அவ்வப்போது உயிருள்ள தண்ணீர்ப்பூச்சி (டாஃப்னியா) கொடுங்கள்.

நீலத்துக்கு அப்படி ஒரு சாயமே இல்லை! தோலின் சில செல்களுக்குள் குவானின் என்னும் வேதிப்பொருளின் படிகங்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் டி.என்.ஏ.வில் இருக்கும் அதே குவானின்தான். ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, தகடுகளின் தடிமனுக்கும் இடைவெளிக்கும் ஏற்ப நீல அலைகள் வலுப்பெறுகின்றன, மற்றவை மங்குகின்றன. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் இதே இயற்பியல்தான். ஒளி படும் கோணம் மாறினால் நிறமும் மாறும். அதனால்தான் விளக்கைத் தொட்டியின் பின்புறம் வைத்தவர்களுக்கு இந்த மீன் ஏமாற்றம் தருகிறது. விளக்கை முன் கண்ணாடியை ஒட்டி நகர்த்துங்கள். உங்கள் முதுகுப் பக்கமிருந்து சாய்வாக வரும் காலை வெயிலில் அது தரும் நீலத்துக்கு எந்த விளக்கும் ஈடில்லை என்பேன்.

மூன்றாவதாக ஒன்று தேவை: கூட்டம். ஆண் மீன் தன் முழு நிறத்தையும் காட்டுவது பெண்ணுக்காகவும் போட்டியாளனுக்காகவும்தான். காலையில், முட்டையிடும் நேரத்தில், நரம்புகளின் கட்டளைப்படி கருநிறமித் துகள்கள் செல்லுக்குள் ஒடுங்குவதும் விரிவதுமாக நிறம் நொடிகளில் மாறும். நெற்றியிலிருந்து முதுகுவரை ஒரு பட்டை பளிச்சிடும். தனியாக விடப்பட்ட மீன் மங்கிப்போய் ஒதுங்கிவிடும். ஆணும் பெண்ணுமாக 6 மீன்களுக்குக் குறையாமல் வளர்ப்பதே நியாயம். ஆண் 10 செ.மீ. வரை வளரும், வேகமாக நீந்தும்; 4 அடி நீளத் தொட்டி வேண்டும். துள்ளும் குணம் உண்டு, மூடி அவசியம்.

இதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவிலுள்ள அயமாரு ஏரிப் பகுதி. அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1980-இல். அங்கே சுண்ணாம்புப் பாறைகளின் வழியே ஊறி வரும் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. ஆகவே பல மீன்களுக்கு ஒத்துவராத போர்வெல் தண்ணீர் இதற்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். குளோரினும் அம்மோனியாவும்தான் கூடாது.

இயற்கையில் இந்த இனம் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. ரெயின்போ இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். அப்படிப் பிறக்கும் குஞ்சுகளில் நீலமும் ஆரஞ்சும் தெளிவாகப் பிரிவதில்லை. குஞ்சு பொரிக்க விரும்பினால், தொட்டியில் வேறு ரெயின்போ இனத்தைச் சேர்க்காதீர்கள்.