எவர்சில்வருக்கு மூச்சு முட்டும் இடம்

மலேசியாவின் லங்காவித் தீவில் படகு பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வியையும் இரண்டு நிழற்படங்களையும் அனுப்பியிருந்தார். அவருடைய பராமரிப்பில் இருக்கும் 12 மீட்டர் நீளப் பாய்மர உல்லாசப் படகு ஒன்று, காற்று அதிகம் இல்லாத ஓர் இரவில் நங்கூரத்தை இழந்து, அருகிலிருந்த சேற்றுத் திட்டில் போய்த் தட்டி நின்றிருக்கிறது. முக்குளிப்பவரை இறக்கி நங்கூரத்தை எடுத்துப் பார்த்தபோது, அதையும் சங்கிலியையும் இணைத்திருந்த சுவிவல் இரண்டாகப் பிரிந்திருந்தது. சங்கிலி சாதாரண எஃகினால் ஆனது, துத்தநாகப் பூச்சு பெற்றது. அதன் கடைசி ஐந்தாறு கண்ணிகள் பூச்சு போய்ச் செம்பழுப்பு நிறத்தில் துருவேறியிருந்தன. சுவிவல் 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு, அதாவது நம் வீட்டு எவர்சில்வரின் இனம். படத்தில்கூட முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. துருப்பிடித்தது தாங்கி நிற்க, துருப்பிடிக்காதது எப்படி முறிந்தது, அதே போன்ற இன்னொன்றை வாங்கி மாட்டலாமா என்பதே அவருடைய கேள்வி.

சுவிவல் என்பது இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு முளையால் கோத்து, ஒன்று மற்றொன்றைச் சாராமல் சுழலுமாறு செய்யப்பட்ட இணைப்பு. நங்கூரமிட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வட்டமடிக்கும்போது சங்கிலி முறுக்கேறாமல் இருக்கட்டும் என்று அதை மாட்டுகிறார்கள். வலிமையைப் பொறுத்தவரை அதற்குக் குறைவில்லை. ஜி40 எனப்படும் தரத்தில் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள சங்கிலியைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு கண்ணியின் இரு கால்களையும் சேர்த்தால் குறுக்கு வெட்டுப் பரப்பு ஏறத்தாழ 157 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் வீதம் அறுபடும் விசை சுமார் 63 கிலோநியூட்டன், அதாவது 6 டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தொங்கவிடும் அளவு. அத்தகைய சங்கிலிக்கென விற்கப்படும் சுவிவலும் அதற்கு ஈடான வலிமையோடுதான் கடையிலிருந்து வருகிறது. எனவே அந்த அமைதியான இரவில் அறுந்த சுவிவல், கடையில் வாங்கிய சுவிவலாக இருந்திருக்க முடியாது. இடையில் அதன் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அது ஏற்கெனவே ஒருவகையில் துருப்பிடித்துவிட்டது என்பதுதான். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த எஃகை உருக்கியெடுத்த நாளிலிருந்து நாம் பயன்படுத்திவரும் வித்தை அது. இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்திருந்தால், மேற்பரப்பில் உள்ள குரோமியம் ஆக்சிஜனோடு கூடி ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு தாளின் தடிப்புக்கு அத்தகைய படலங்களைப் பல்லாயிரக்கணக்கில் அடுக்க வேண்டும். சமையலறையில் தேங்காய் நார் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் எவர்சில்வர் குண்டான் கெடாததற்கு அந்தப் படலம் உறுதியானது என்பது காரணமன்று. தேய்த்த இடத்தில் படலம் போய்விட்டாலும், காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது உடனே மீண்டும் வளர்ந்துவிடுகிறது. ஆக, இந்த எஃகு ஒவ்வொரு நொடியும் ஆக்சிஜனை நம்பியே வாழ்கிறது. அது கிடைக்கும் வரை அதற்கு அழிவில்லை. கிடைக்காத இடம் ஒன்று அமைந்துவிட்டால் கதை வேறு.

சுவிவலின் முளைக்கும் அது செருகப்பட்ட துளைக்கும் இடையே, ஒரு தலைமுடியின் தடிப்பு அளவுக்கு இடைவெளி இருக்கிறது. கடல் நீர் நுழைவதற்கு அது போதும்; ஆனால் நுழைந்த நீர் வெளியே இருக்கும் நீரோடு கலந்து புதுப்பித்துக்கொள்ளப் போதாது. வெதுவெதுப்பான வெப்பமண்டலக் கடலில் ஒரு லிட்டர் நீருக்கு 6 மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரைந்திருக்கும் நிலையில், இடுக்கினுள் அகப்பட்ட துளி நீரில் இருக்கும் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படலத்தைப் பேணும் வேலையிலேயே அது சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. வெளியே இருந்து புதிய ஆக்சிஜன் அந்தக் குறுகிய சந்து வழியாக ஊர்ந்து வரும் வேகம் செலவுக்கு ஈடுகொடுப்பதில்லை.

இந்த இடத்திலிருந்து நடப்பது, நான் படித்த வேதியியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாடகம். இடுக்கினுள் உலோகம் மெல்லக் கரைகிறது. இரும்பு, குரோமியம், நிக்கல் அணுக்கள் எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, நேர்மின் அயனிகளாக நீரில் இறங்குகின்றன. விட்டுச்சென்ற எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வெளிப்புறப் பரப்புக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால் அது அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியாகிறது. சாதாரணமாகக் கரைதலும் ஆக்சிஜன் வாங்குதலும் ஒரே பரப்பில் அக்கம்பக்கமாக நிகழும். இங்கே முன்னது உள்ளேயும் பின்னது வெளியேயும் என்று வேலை பிரிந்துவிடுகிறது. இந்தப் பிரிவினையின் விளைவாக இடுக்கினுள் நேர்மின் அயனிகள் குவிகின்றன. மின்சமநிலை கெடுவதை இயற்கை பொறுக்காது. ஆகவே வெளியிலிருந்து எதிர்மின் அயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. கடலில் அதிகமாக இருக்கும் எதிர்மின் அயனி எது? ஒரு கிலோகிராம் கடல் நீரில் சுமார் 19 கிராம் இருக்கும் குளோரைடு. ஆக்சைடு படலத்தை உடைப்பதில் பெயர்போன அதே குளோரைடு, கூப்பிட்ட குரலுக்கு வந்து சேர்கிறது.

நாடகம் இத்துடன் முடியவில்லை. நீரில் இறங்கிய குரோமியம் அயனி சும்மா இருப்பதில்லை. நீர் மூலக்கூற்றைப் பிளந்து ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தெரியும். கடல் நீரின் பி.எச். மதிப்பு 8ஐச் சுற்றி இருக்கும். இடுக்கினுள் அது 2 அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்குகிறது. ஆறு படி இறக்கம் என்றால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து லட்சம் மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள். அமிலம் மிகுந்தால் உலோகம் இன்னும் விரைந்து கரையும். விரைந்து கரைந்தால் இன்னும் குளோரைடு வரும். இன்னும் அமிலம் சுரக்கும். யாரும் கொண்டுவந்து ஊற்றாத அமிலத்தை, எவர்சில்வர் தன் வயிற்றிலேயே காய்ச்சிக்கொள்கிறது! இதற்கு இடுக்கு அரிமானம் என்று பெயர். 316 ரகத்தில் சேர்க்கப்படும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இதைத் தள்ளிப்போடுகிறதே தவிர, வெதுவெதுப்பான கடலில் தடுத்து நிறுத்துவதில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த உறவினர் மூலம் அந்த வாசகர் முறிந்த சுவிவலையே எனக்குக் கொடுத்தனுப்பினார். முளை முறிந்த முகத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, வட்டத்தின் முக்கால் பங்கு கறுத்தும் பழுத்தும் குழிகுழியாகவும் கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், பிறை வடிவில், புதிதாக உடைந்த உலோகத்தின் சாம்பல் நிற மினுமினுப்பு தெரிந்தது. பல மாதங்களாகப் படகைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பிறை மட்டுமே. வெளிப்புறத்தில் இதற்கு இருந்த ஒரே அடையாளம், இரு துண்டுகளும் சந்திக்கும் கோட்டிலிருந்து தேநீர் வழிந்தது போல் ஒரு மெல்லிய பழுப்புக் கறை. படகுக்காரர் அதை மாதந்தோறும் துணியால் துடைத்து மெருகேற்றி வந்திருக்கிறார்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் கடந்தால் படகைப் பற்றி அறிந்த வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். கடலுக்குள் இருக்கும்போது இந்தச் சுவிவல் துத்தநாகம் பூசிய சங்கிலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் துத்தநாகம் தான் கரைந்து மற்றவற்றைக் காக்கும். 1824ஆம் ஆண்டிலேயே ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்து இந்தப் பாதுகாப்பைச் செய்து காட்டினார். செம்பு கரையவில்லை, ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் சிப்பிகளையும் பாசியையும் விரட்டிவந்தது என்பதால், காக்கப்பட்ட கப்பல்களின் அடியில் அவை அப்பிக்கொண்டன என்பது தனிக்கதை. நமது சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் மட்டும் முதலில் துருவேறியதற்குக் காரணமும் இதுவே: பக்கத்து எவர்சில்வருக்காகத் தம் துத்தநாகத்தை அவை விரைந்து செலவழித்திருக்கின்றன. அப்படியானால் சுவிவல் எப்போது கெட்டது? உல்லாசப் படகு தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நங்கூரமிட்டுக் கழிப்பதில்லை. துறையில் கட்டிக் கிடக்கிறது. அப்போது நங்கூரம் முகப்பிலுள்ள உருளையில் தொங்குகிறது. சங்கிலிக்கும் இடுக்குக்கும் இடையே தொடர்ச்சியான நீர் இல்லாததால் துத்தநாகத்தின் உதவி அங்கு எட்டுவதில்லை. இடுக்கோ உலர்வதும் இல்லை. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும்; லங்காவியின் காற்றில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர்விடுவதும் இதே மக்னீசியம் குளோரைடால்தான். உப்பை எவர்சில்வரில் வைத்தால் லட்சுமி தங்கமாட்டாள் என்று என் பாட்டி பீங்கான் ஜாடியை விட்டு இறங்கியதே இல்லை. உப்பு படிந்த எவர்சில்வரின் அடியில் ஊசிமுனை போலக் குழி விழும் என்பது மெய். அவருடைய பழக்கம் சரி, அவர் சொன்ன காரணம் தவறு. இத்தகைய நம்பிக்கைகளுக்கெல்லாம் பின்னால் அறிவியல் ஒளிந்திருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் தெரியாத பழக்கம், உப்பு ஜாடிக்கு உதவியது, சுவிவலுக்கு உதவவில்லை.

காரணத்தைக் கண்டறிய ஒருவர் உலோகத் துண்டுகளைக் கடலோரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் நிலையம் அமைத்து அந்த வேலையைத்தான் செய்துவருகிறது. மூன்றாண்டுத் திட்டத்துக்குள் முடிவு காட்டச் சொல்லும் நிதி முறையில் இத்தகைய ஆய்வு முதலில் அடிபடும் என்பது என் கவலை. துரு, திட்டக் காலத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வதில்லை.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி. முறிந்த சுவிவலைப் பற்றவைத்து ஒட்டியோ, கறை கண்டதை மெருகேற்றியோ மீண்டும் பயன்படுத்தக் கூடாது. உள்ளே எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை வெளியிலிருந்து கண்ணால் அறிய முடியாது. சங்கிலியின் நிலை அப்படியன்று, அது தன் நோயை வெளியே காட்டும். துருவேறிய கண்ணிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, இரண்டு கண்ணிகள் உரசும் உட்புற வளைவில் வெர்னியர் அளவியை வைத்துப் பார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டர் 9 ஆகியிருந்தால் தடிப்பில் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது; பரப்பு தடிப்பின் இருமடியைப் பொறுத்தது என்பதால் வலிமையில் 19 விழுக்காடு போய்விட்டது. அந்தக் கண்ணிகளை அறுத்து எறிந்துவிட வேண்டும். எஞ்சிய சங்கிலி நன்றாக இருந்தால், படகோடு கட்டியிருக்கும் முனையை நங்கூரத்தின் பக்கத்துக்குத் திருப்பி மாட்டினால், இதுவரை கடலையே காணாத துத்தநாகம் வேலைக்கு வரும். சங்கிலியை மாட்டப் பயன்படும், வாயை ஒரு முளையால் மூடும் வளைவான இணைப்புக்கு ஷேக்கிள் என்று பெயர். இறுகிப்போன ஷேக்கிளின் முளையைத் தீயில் காட்டித் தளர்த்த முயல்பவர்கள், கொதிக்கும் துத்தநாகத்தின் புகை காய்ச்சலை உண்டாக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரும்பு ரம்பத்தால் அறுத்துவிடுவதே நல்லது.

சுவிவலுக்குப் பதிலாக, துத்தநாகம் பூசிய ஷேக்கிள் ஒன்றே போதும். புதிய ஷேக்கிள், பாதுகாப்பாகத் தாங்கும் எடை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டதாக இருக்கட்டும். ஷேக்கிளின் முளை அதன் வளைவைவிடத் தடித்தது என்பதால், கடைசிக் கண்ணிக்குள் அது நுழைகிறதா என்று கடையிலேயே ஒரு துண்டுச் சங்கிலியை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவி இறுக்கி, முளையின் கண்ணில் கம்பியைக் கோத்து உடலோடு சுற்றிக் கட்டினால் அதிர்வில் கழலாது. அந்தக் கம்பி எவர்சில்வராக இருக்கலாமா என்று கேட்பார்கள், இருக்கலாம். ஷேக்கிளின் பெரிய துத்தநாகப் பரப்புக்கு எதிரே மெல்லிய கம்பியின் பரப்பு மிகச் சிறியது, அது பறிக்கும் துத்தநாகமும் சொற்பம்.

சுவிவல் வேண்டவே வேண்டும் என்றால், துத்தநாகம் பூசியதை வாங்கி, நங்கூரத்தின் தண்டோடு நேரே இணைக்காமல் இடையில் சில கண்ணிகள் விட்டு மாட்டலாம். நேரே இணைத்தால் படகு திரும்பும்போது நங்கூரத் தண்டு நெம்புகோலாகிச் சுவிவலின் வாயைப் பக்கவாட்டில் விரிக்கும். ஆனால் சங்கிலியைத் தூக்கும்போது, நங்கூரம் தரையை விட்டு எழுந்த கணத்தில், சங்கிலியே தானாகச் சுழன்று முறுக்கைப் பெரும்பாலும் அவிழ்த்துவிடுகிறது; அதற்குச் சுவிவல் தேவையில்லை. இதை எழுதி அனுப்பியதும் வாசகர் படகுக்காரரிடம் பேசியிருக்கிறார். இப்போது அந்தப் படகில் சங்கிலிக்கும் நங்கூரத்துக்கும் இடையே இருப்பது, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு ஷேக்கிள். பளபளப்பு போய்விட்டதே என்று படகுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தமாம்.